இரும்பைத் தேடுகிறவனுக்கு இயந்திரம் இல்லை

மெட்டல் டிடெக்டர் விற்கும் உலகத்தில் இரும்புக்கு மரியாதையே கிடையாது. இதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். எந்தக் கையேட்டைப் புரட்டினாலும், எந்த வீடியோவைப் பார்த்தாலும், இரும்பை எப்படி ஒதுக்குவது என்றுதான் பாடம் நடத்துகிறார்கள். இந்தப் பொத்தானை அழுத்தினால் ஆணிக்குச் சத்தம் வராது, அந்தத் திருகைத் திருப்பினால் பாட்டில் மூடிக்குச் சத்தம் வராது. எல்லோருக்கும் தங்கம் வேண்டும். இல்லாவிட்டால் பழைய வெள்ளிக்காசாவது வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது ஒரு வார்ப்பிரும்பு வால்வு. அது எங்கள் தெருவுக்கு அடியில் எங்கேயோ புதைந்து கிடந்தது. அது எங்கே என்று தெரியாததால் பன்னிரண்டு வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை.

எங்கள் தெரு கொடைக்கானலுக்குக் கொஞ்சம் கீழே, சரிவில் வளைந்து இறங்குவது. அது ஐப்பசி மாதம். கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது, சுவரில் கசிந்தது, துவைத்த வேட்டி நான்கு நாளாகக் காயவில்லை. குழாயைத் திறந்தால் மட்டும் காற்று வந்தது. பக்கத்துச் சரிவில் எல்லா வீட்டிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது என்பது கூடுதல் எரிச்சல்.

தண்ணீர் திறந்துவிடும் ஊழியர் வந்து பார்த்தார். நடுவயதுக்காரர், மழைக்குத் தலையில் உரச்சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டிருந்தார்.

"வால்வுக்குள்ள தட்டு கழண்டு விழுந்திருச்சு சார். அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. தோண்டி மாத்தணும்."

"மாத்துங்க."

"எங்கன கெடக்குன்னு தெரிஞ்சாத்தான சார் மாத்த?"

பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மூன்று முறை தார் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்தது, வால்வுக் குழியின் மூடி கீழே போனது. இடம் தெரிந்த பழைய ஊழியர் இறந்துவிட்டார். பதிவேடு இருந்தது. ஈரத்தில் அதன் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் மாதிரி இறுகியிருந்தன. குழாயைத் தொடர்ந்து போய்ப் பிடிக்கலாம் என்றால், குழாய் பிளாஸ்டிக். வால்வு மட்டும்தான் இரும்பு.

அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற அலுவலகங்கள் தங்களை விட்டுவிட்டதாக வருத்தப்படும். புதிதாகப் போட்ட சாலையைத் தோண்ட வேண்டுமானால் இடத்தைத் துல்லியமாகக் குறித்து, "இவ்விடத்தில்தான் வால்வு உள்ளது" என்று சான்றளிக்க வேண்டும் என்றார்கள். யார் சான்றளிக்க வேண்டும்? விண்ணப்பதாரர். அதாவது அவர்கள் புதைத்து, அவர்கள் தொலைத்த அவர்களுடைய வால்வு எங்கே இருக்கிறது என்று நான் அவர்களுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

இந்த மாதிரி விதிகளை நான் அறியாதவன் அல்ல. சமவெளியில் வேறோர் ஊரில் இதே மாதிரி ஓர் அலுவலகத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். ஒரு கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது அதே விதி எவ்வளவு அயோக்கியத்தனமாகத் தெரிகிறது என்பது யாரும் எனக்குச் சொல்லாத விஷயம்.

நான் ஒற்றை ஆள். இரண்டு வாளி மழைத்தண்ணீர் பிடித்தால் எனக்குப் போதும். பிரச்சினை அடுத்த வீட்டு அம்மாளுக்குத்தான். அவர் சிறுமியாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் மூன்று விடுதிகளுக்கு அவர்தான் காலையிலும் மத்தியானமும் சமைத்துக் கொடுக்கிறார். அந்தச் சமையலுக்காக, சரிவில் கீழே உள்ள ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்துகொண்டிருந்தார். ஊற்றுக்கு வழுக்குப் பாறைப் படி. அவருக்கோ முட்டியில் அறுவை செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"தோட்டத்துல எங்க லயத்து வீடுகளுக்கு முன்னால பீலிக் குழாய் இருக்கும். ராவும் பகலும் தண்ணி விழுந்துகிட்டே இருக்கும்" என்றார் ஒருநாள், என் வாசலில் குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டே. "இங்க ஒங்க ஊருல குழாய் இருக்கு, மீட்டர் இருக்கு, தண்ணி மட்டும் இல்ல. என்னா தொரை, ஏதாவது செய்விங்களா, இல்ல இன்னொரு மனு எழுதுவிங்களா?"

அவர் என்னைத் தொரை என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்தில் அது அதிகாரியைக் கூப்பிடும் மரியாதைச் சொல். அவர் வாயில் அதில் மரியாதை எதுவும் இருக்காது.

"மக திருப்பூர்ல இருந்து போன் போட்டா. கார்த்திகை பொறக்குறதுக்குள்ள தண்ணி வரலைன்னா வந்து கூட்டிட்டுப் போயிருவாளாம். பனியன் கம்பெனிக்குப் பக்கத்துல ஒரு ரூமு. அங்க போயி நான் என்னத்த செய்ய? டிவி பாக்கவா?"

கார்த்திகைக்கு இருபது நாள்கூட இல்லை. அந்த அம்மாள் போய்விட்டால் மூன்று விடுதிகளுக்கு வேறு ஆள் கிடைத்துவிடும். அவருக்கு வேறு வாழ்க்கை கிடைக்காது. மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து வத்தலக்குண்டுக்கு இறங்கினேன்.

பம்ப் செட்டும் ஒயரும் விற்கும் கடை அது. டிடெக்டரும் வைத்திருக்கிறார்கள் என்று அந்த ஊழியர் சொல்லியிருந்தார். ஆற்றில் பக்தர்கள் போடும் காசைத் துழாவி எடுப்பவர்கள் அங்கேதான் வாங்குவார்களாம். கடைக்கார பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், புதையலா?"

"வால்வு."

"எல்லாரும் ஏதாச்சும் ஒண்ணு சொல்லுவாங்க சார். போன வாரம் ஒருத்தரு தொலைஞ்ச சாவின்னாரு. கையில கடப்பாரை வச்சிருந்தாரு."

மூன்று இயந்திரங்களைக் காட்டினார். ஒன்று, கோயில் வாசலில் நம் இடுப்பைத் தடவிப் பார்ப்பார்களே, அந்தக் கைக்கட்டை. அதை உடனே ஒதுக்கினேன். இரண்டாவது ஆற்று இயந்திரம். முழுவதும் தண்ணீருக்குள் முங்கலாம். சின்ன வட்டு, மணலுக்குள் கிடக்கும் ஒற்றைக் காசைக்கூடப் பிடிக்கும். மூன்றாவதற்கு முறம் அளவுக்குப் பெரிய வட்டு. வட்டு நனையலாம், கைப்பிடியில் இருக்கும் பெட்டி நனையக்கூடாது.

"ஒங்க மலைக்கு இதுதான் சார்" என்று பாய் மூன்றாவதைத் தட்டினார். "அங்க மண்ணுலயே இரும்பு கெடக்குல்ல. ஆத்து மிசினக் கொண்டுபோனீங்கன்னா மண்ணுக்கே கத்தும். அது மணலுக்கும் சில்லறைக்கும் செஞ்சது. பெரிய இரும்பு, ஆழத்துல கெடக்கு, செம்மண்ணு. பெரிய வட்டுதான் எறங்கும்."

"பெட்டி நனைஞ்சா?"

"கொடை பிடிச்சுக்கங்க."

குடை பிடித்துக்கொண்டு செய்கிற காரியத்தை நான் முறையான காரியமாக மதிப்பதில்லை. அவரிடம் ஒரு தாள் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். டெண்டர் திறக்கும்போது போடுவோமே, அதே மாதிரி. எடை, மின்கலம், கையாளும் வசதி, ஆழம், நீர் தாங்கும் தன்மை. எங்கள் ஊரில் மழை என்பதால் கடைசித் தலைப்புக்கு அதிக மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் ஆற்று இயந்திரம் முதலிடம்.

பாய் பட்டியலை எட்டிப் பார்த்தார். "கட்டத்துல மண்ணே இல்லையே சார்?"

மண் என்று ஒரு தலைப்பு இல்லைதான். அதை ஒரு வியாபாரி சுட்டிக்காட்டியதால் நான் சேர்க்கவில்லை. ஆற்று இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் தெருவில் அது போட்ட கூச்சலை விவரிக்க எனக்கு வார்த்தை இல்லை. செம்மண் ஓரத்துக்குக் கத்தியது. ஜல்லிக்குக் கத்தியது. சுற்றுலாப் பயணிகள் நமக்கு விட்டுச் செல்லும் பாட்டில் மூடிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கத்தியது. மின்கம்பிக்குக் கீழே போனால் எதுவும் இல்லாமலே கத்தியது. இதில் ஓர் இடத்தில் மட்டும் விடாமல், அழுத்தமாக, நீளமாகக் கத்தியது. அதுதான் என்று முடிவு செய்தேன். சுண்ணாம்பால் கட்டம் போட்டேன்.

அந்த நேரத்தில் ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்து நின்றார்.

"இங்க ஒரு பெரியவரு புதையல் எடுக்குறாருன்னு போன் வந்துச்சு. நீங்கதானா சார்?"

"வால்வு தேடுறேன். புதையல் கெடைச்சா யாருக்கு, எப்படி எழுத்துமூலமா தெரிவிக்கணும்னு சட்டமே எனக்கு மனப்பாடம்."

"அப்ப எல்லாம் தெரிஞ்சுதான் எறங்கியிருக்கீங்க."

உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக நான் தெருவில் நின்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். குடத்தோடு மேலே ஏறி வந்த அடுத்த வீட்டு அம்மாள்தான் வழக்கை முடித்து வைத்தார்.

"அவருக்குப் புதையல் கெடைச்சாலும் மூணு காப்பி மனு எழுதிட்டுத்தான் தொடுவாரு. நீங்க போயிட்டு வாங்க சார்."

சான்றளித்தேன். அனுமதி வந்தது. அந்த ஊழியரும் இன்னொருவரும் சாலையை உடைத்து இடுப்பளவு தோண்டினார்கள். உள்ளே இருந்தது துருவேறிய நிறத்தில் ஒரு பாறை. இரும்புச்சத்து நிறைந்த, அழகான, எதற்கும் உதவாத பாறை.

"பத்து பேரு சேர்ந்தாலும் மாத்த முடியாத வால்வு சார் இது" என்றார் ஊழியர்.

நான்காம் நாள் எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. தவறான இடத்தைச் சான்றளித்து அரசுச் சாலைக்குச் சேதம் விளைவித்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். திருப்திகரமாக விளக்கம் தராதவரை அடுத்த குழிக்கு அனுமதி இல்லை. வாழ்நாள் முழுவதும் நான் பிறருக்கு எழுதிய வாக்கியம், ஒரு சொல் மாறாமல், என் பெயருக்கு வந்திருந்தது. கோபத்தில் அன்று காப்பி போட்டுக் குடிக்கவும் மறந்துவிட்டேன். போடத் தண்ணீரும் இல்லை.

கீழே போய் இயந்திரத்தைப் பாயிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார். பெரிய வட்டை எடுத்துக் கொடுத்து, கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பழக்கிக் காட்டினார். ஒன்றும் இல்லாத மண்ணாகப் பார்த்து, வட்டை அதன் மேல் உயர்த்தித் தாழ்த்தி, இதுதான் சும்மா கிடக்கும் மண், இதற்குக் கத்தாதே என்று இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஈர மண்ணில் கற்றுக்கொடுத்தது காய்ந்த மண்ணில் செல்லாது. மழை விட்டதும் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். இரும்பை ஒதுக்கும் பொத்தானைத் தொடவே கூடாது. பிறகு வட்டைப் புல்லில் இடிக்காமல், மெதுவாக, தரைக்கு இணையாக வீச வேண்டும்.

"சார், வெரசா வீசாதீங்க. தொட்டில் ஆட்டுற மாதிரி" என்றார்.

இரண்டு நாள் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு வீசினேன். பாறைகளைக் கண்டு இந்த இயந்திரம் ஏமாறவில்லை. ஆனால் மின்கம்பி ஓடும் பக்கம் போனாலே முனகியது. தெரு நீளம், கம்பியும் அதே நீளம். சோர்ந்து போய் மதில் ஓரம் நின்றபோது அந்த ஊழியர் வந்தார்.

"நீங்க மூடியத் தேடுறீங்களா, வால்வையா சார்?"

"மூடி மேலாப்புல இருக்குமில்ல. மொதல்ல அதுதான கெடைக்கும்?"

"மூடி இரும்பு இல்ல சார். காங்கிரீட்டு. முன்னால இரும்பு மூடிதான். பழைய இரும்புக்குப் போடுறவனுக எல்லாத்தையும் களவாண்டுட்டுப் போயிட்டானுக. அப்பறம் ஒரு சர்க்குலர் வந்துச்சு, எல்லாத்தையும் காங்கிரீட்டா மாத்தச் சொல்லி."

என் முதுகு நிமிர்ந்தது. "அந்தச் சர்க்குலர்ல வேற என்ன இருந்துச்சு?"

"மூடி கண்ணுக்குத் தெரியாமப் போயிரும்னுட்டு, பக்கத்துச் செவுத்துல செவப்புப் பெயிண்டால அம்பு போட்டு, எத்தனை அடின்னு எழுதணும்னு இருந்துச்சு. நல்ல யோசனை சார். யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருக்கான்."

புண்ணியவான் நான்தான். நான் வேலை பார்த்த ஊரில் மூடித் திருட்டு அதிகமானபோது நான் வரைந்த சுற்றறிக்கை அது. மேலிடம் அதை எடுத்து எல்லா ஊர்களுக்கும் அனுப்பியது. அம்பு பற்றிய பத்தி, மூன்றாவது பத்தி, முழுக்க முழுக்க என் சொந்த யோசனை. இதை நான் அவருக்குச் சற்று விரிவாகவே எடுத்துச் சொன்னேன். அடுத்த வீட்டு அம்மாளும் குடத்தை இறக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"அவ்வளவு தெளிவா எழுதியிருக்கு. அதுல ஒரு வரியை இவங்களால நிறைவேத்த முடியலை! இந்தத் தெருவுல அம்பு எங்க? ஒரே ஒரு அம்பு காட்டுங்க பாப்போம். இன்னைக்கே மேலிடத்துக்கு எழுதுறேன்."

அம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தச் செவப்பு அம்பா? அது ஒங்க மதில்லதான இருந்துச்சு, தொரை."

ஊழியர் திரும்பி என் மதிலைப் பார்த்தார்.

"நீங்க வீடு வாங்கி வந்த புதுசுல ஆள விட்டுச் சொரண்டி வெள்ளையடிச்சிங்களே. அசிங்கமா இருக்குன்னு எல்லார்கிட்டயும் கதைச்சிங்க. மனுகூட போட்டிங்க, விளங்குதா?"

நன்றாகவே விளங்கியது. உள்ளே போய்க் கோப்பை எடுத்தேன். நான் எழுதும் எதற்கும் நகல் வைப்பவன். இருந்தது. "தனியார் மதிலில் பொறுப்பற்ற முறையில் சிவப்புக் கிறுக்கல்" என்று என் கையெழுத்தில், ஒப்புகை முத்திரையோடு. கூடவே அவர்கள் பதில்: "தங்கள் மதிலில் இனி எவ்விதக் குறியும் இடப்படமாட்டாது எனத் தெரிவிக்கப்படுகிறது." அந்தப் பதிலை வெற்றி என்று நினைத்து, உறையோடு பத்திரப்படுத்தியிருந்தேன்.

இங்கே வாசகர்கள் எதிர்பார்க்கும் நியாயமான வெட்கத்தை நான் பட்டுவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் கோபம் தணியவில்லை, இன்றைக்கும் தணியவில்லை. அந்த மனுவை அந்த அலுவலகத்தில் குறைந்தது மூன்று பேர் படித்திருப்பார்கள். "ஐயா, அது கிறுக்கல் இல்லை, வால்வுக் குறி, அதை அழிக்காதீர்கள்" என்று ஒருவர்கூட எழுதவில்லை. எழுதியிருக்க மாட்டார்கள். மனு வந்தால் பதில் போட்டுக் கோப்பை முடிக்க வேண்டும். மனுதாரரிடம் எதிர்க்கேள்வி கேட்டால் கோப்பு முடியாது. இதை நானே பல பேருக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மதிலைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தோம். தண்ணீர் அம்மாளின் குடத்திலிருந்து. வெள்ளைக்கு அடியிலிருந்து ரோஜா நிறத்தில் அம்பின் தண்டு மெல்லத் தெரிந்தது. நுனி தெருவைக் காட்டியது. எண் இருந்த இடத்தில் சிமெண்ட் மட்டும்தான் இருந்தது. ஆளை நன்றாகச் சுரண்டச் சொல்லியிருந்தேன். என் சொல்லை வாழ்நாளில் முழுமையாக நிறைவேற்றிய ஒரே ஆள் அவன்தான்.

திசை கிடைத்தது, தூரம் இல்லை. அம்புக்கு நேராகக் கயிறு கட்டினோம். அந்தக் கயிறு நேராக மின்கம்பிக்கு அடியில் போனது. அங்கே இயந்திரம் முனகிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவிப்பு வந்தது. மின்தடை அறிவிப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

மின்சாரம் போனதும் மதில் ஓரத்து மண்ணில் இயந்திரத்தைப் பழக்கினேன். மழை தூறலாக இருந்தது. அம்மாள் வந்து, கேட்காமலேயே, பெட்டிக்கு நேராகக் குடை பிடித்தார்.

"தொட்டில் ஆட்டுற மாதிரிதான? ஆட்டுங்க. ஒங்களுக்குத் தாலாட்டு வேணும்னா நான் பாடுறேன்."

அதை மறுத்துவிட்டு வீசினேன். கயிற்றின் மீது மூன்றடி, ஒன்றும் இல்லை. ஐந்தடி, ஒன்றும் இல்லை. அடுத்த வீச்சில் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஒரு தாழ்ந்த ஒலி. பாறைக்குக் கத்திய கூச்சல் மாதிரி இல்லை. திரும்ப வீசினேன், அதே இடத்தில் அதே ஒலி. குறுக்காக வீசினேன், அப்போதும் அதே இடம். ஊழியர் அங்கே ஆணி அடித்தார்.

குறிப்பாணைக்கு நான் எழுதிய விளக்கம் இரண்டு வரி. "முந்தைய சான்று தவறானது. வால்வு இருக்கும் இடத்தைக் காட்டிய அதிகாரபூர்வக் குறி விண்ணப்பதாரரால் அழிக்கப்பட்டது." இவ்வளவு சின்ன விளக்கத்தை அவர்கள் பார்த்ததே இல்லையோ என்னவோ, இரண்டே நாளில் அனுமதி வந்துவிட்டது.

குழியில் முதலில் தார், பிறகு இன்னொரு தார், பிறகு இன்னொரு தார். அதற்குக் கீழே காங்கிரீட் மூடி, எந்த உடைப்பும் இல்லாமல். அதற்கும் கீழே சேறும் வால்வும். மாற்றி முடித்ததும் ஊழியர் மேலே போய்த் திறந்தார். அடுத்த வீட்டுக் குழாய் முதலில் இருமியது, பிறகு செம்மண்ணாகத் துப்பியது. அம்மாள் கையை நீட்டிக்கொண்டே நின்றார். தண்ணீர் தெளியும்வரை எடுக்கவில்லை.

கார்த்திகை முதல் வாரத்தில் மகள் வந்தாள். பெரிய பையோடு வந்திருந்தாள், அம்மாவின் துணிகளையும் சேர்த்து அடுக்க. மூன்று நாள் இருந்து, நன்றாகச் சாப்பிட்டு, அந்தப் பையில் மலைப்பூண்டும் பேரிக்காயும் நிரப்பிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள்.

மதிலில் இப்போது அம்பு இருக்கிறது. முன்னால் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. பெயிண்ட் அடித்தது அந்த அம்மாள்தான். "ஏழு அடி" என்று எண்ணால் எழுதாமல் எழுத்தால் எழுதியிருக்கிறார். கோணலாக இருக்கிறது, பெயிண்ட் வழிந்திருக்கிறது, பார்க்கவே சகிக்கவில்லை. இதைப் பற்றி நான் எங்கும் மனு எழுதவில்லை.